இறால்மீது பழி, நுரைமீது நம்பிக்கை: வாகனம் கழுவும் கைகளில் வரும் சொறி பற்றி எளிய விளக்கம்

என் அக்காவின் மகன் கல்முனை வீதியில் ஒரு வாகன சேர்விஸ் நிலையத்தில் வேலை செய்கிறான். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வயலிலிருந்து சேறும் வைக்கோல் தூசும் அப்பிக்கொண்டு உழவு இயந்திரங்கள் வரும், நெல் ஏற்றிய லொறிகள் வரும். கடற்காற்றின் உப்பு தகரத்தைத் தின்றுவிடும் என்ற பயத்தில் வாரம் ஒருமுறை கழுவக் கொண்டுவரப்படும் கார்களும் உண்டு. போன பங்குனியில் ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சோற்றுக்குக் கரண்டி கேட்டான். கையைப் பார்த்தேன். விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. குழம்பு பட்டால் உயிர் போகிறதாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டிருந்தான். அது இருந்த வட்டம் மட்டும் சிவந்து, தோல் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

"கிரந்தி, மாமா. இறால், நண்டு, கத்தரிக்காய் மூன்றையும் விட்டு நாலு மாதம் ஆகிறது" என்றான்.

இறாலை விட்டு நாலு மாதம். நுரையை விட்டு ஒரு நாள்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் அதற்கு இரண்டு பெயர்தான். பெரியவர்கள் கிரந்தி என்பார்கள், இளையவர்கள் அலர்ஜி என்பார்கள். இரண்டு சொல்லும் மிக நல்ல சொற்கள். ஏனென்றால் சொன்னவுடன் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. ஆனால் கார் ஷாம்பூ, ரிம் கிளீனர், பொலிஷ் போன்றவற்றால் கையில் வரும் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. அவை வரும் வழி வேறு, தப்பும் வழியும் வேறு. போத்தலின் பின்பக்கத்தில் அவற்றைப் பற்றி எழுதியிருக்கும் வரிகளும் வேறு.

சுண்ணாம்பும் கவரிங் தோடும்

வெற்றிலை போடுகிறவர்களுக்கு முதலாவது வகையை விளக்கவே வேண்டாம். சுண்ணாம்பு ஒரு பொட்டுக் கூடிவிட்டால் வாய் வெந்துவிடும். யார் வாயானாலும் வேகும். கொஞ்சம் கூடினால் கொஞ்சம் வேகும், நிறையக் கூடினால் நிறைய வேகும். சுண்ணாம்புக்கு ஆள் பேதம் கிடையாது.

இரண்டாவது வகைக்குக் கவரிங் தோட்டைப் பாருங்கள். கோயில் திருவிழாக் கடையில் அக்காவும் தங்கையும் ஒரே மாதிரித் தோடு வாங்குகிறார்கள். அக்காவின் காதுக்கு வருடக்கணக்கில் ஒன்றுமில்லை. தங்கைக்கு இரண்டாம் நாளே காது மடல் கசிந்து புண்ணாகிறது. தோட்டிலுள்ள நிக்கல் என்ற உலோகம் இருவர் காதிலும் ஒன்றுதான். தங்கையின் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டு வைத்திருக்கிறது, அக்காவின் உடம்பு அதைக் கண்டுகொள்ளவில்லை.

சுண்ணாம்பு வகைக்கு எரிச்சல்வகைத் தோல் அழற்சி என்று பெயர். ஒரு பொருள் தன் பலத்தால் தோலை நேரடியாகக் காயப்படுத்துவது அது. தோட்டு வகைக்கு ஒவ்வாமைத் தோல் அழற்சி என்று பெயர். பொருள் பலவீனமானதாக இருந்தாலும், அதைக் கண்டு உடம்பின் காவல்படை கிளர்ந்தெழுவது அது. அலர்ஜி என்ற சொல் உண்மையில் இந்த இரண்டாவதற்கு மட்டுமே உரியது. ஆனால் வேலைத்தளங்களில் வரும் கைச் சொறிகளில் மிகப் பெரும்பாலானவை முதலாவது வகை.

நுரைக்குக் காரும் கையும் ஒன்றுதான்

தோலின் வெளிப்புற அடுக்கு ஒரு மதிலைப் போன்றது. இறந்துபோன தட்டையான கலங்கள் கற்கள், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்பு சாந்து. உடம்பின் பெரும்பகுதியில் இந்த மதிலின் தடிப்பு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்குதான். உள்ளங்கையில் மட்டும் தடிப்பு அதிகம். அதனால்தான் கோளாறு பெரும்பாலும் உள்ளங்கையில் தொடங்காமல் விரல் இடுக்கிலும் புறங்கையிலும் தொடங்குகிறது.

கார் ஷாம்பூவின் வேலை, பெயிண்ட்மேல் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றி நீரோடு அனுப்புவது. அதைச் செய்யும் மூலப்பொருளை இங்கே நுரைப்பொருள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு முனையால் எண்ணெயையும் மறு முனையால் நீரையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு அது. அது பிடிக்கும் எண்ணெய் பொனற்றில் இருந்ததா, விரலில் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கழுவலிலும் மதிலின் சாந்து கொஞ்சம் கரைகிறது. இரவில் உடம்பு பூசி மெழுகுகிறது. காலையில் மறுபடி கரைகிறது. ஒருநாள் பூசுவதைவிடக் கரைவது அதிகமாகிவிடும். வெடிப்பு வருவது அன்றைக்குத்தான். அதனால் "நேற்றுவரை ஒன்றுமில்லையே, இன்றைக்குப் புதிதாக என்ன சாப்பிட்டேன்" என்று கேட்பது தவறான கேள்வி. நேற்றுவரை கரைந்துகொண்டுதான் இருந்தது.

வெறும் தண்ணீரும் இதில் பங்காளி. ஜேர்மனியின் தொழிற்பாதுகாப்பு விதிகளில் நாளொன்றுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேல் ஈரத்தில் கை இருக்கும் தொழிலை ஈரவேலை என்று தனியாக வகுத்து, அதற்குத் தோல் பாதுகாப்பு கட்டாயம் என்கிறார்கள். அறுவடைக் காலத்தில் என் மருமகன் அந்த அளவைக் காலைத் தேநீருக்கு முன்பே தாண்டிவிடுகிறான்.

அடுத்தது காரத்தன்மை. அமிலமும் காரமும் பி.எச் என்ற அளவுகோலால் அளக்கப்படுகின்றன. 7 நடு. கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். தோலின் மேற்பரப்பு 5 அளவில், மெல்லிய அமிலமாக இருக்கிறது. குளிக்கும் சவர்க்காரம் 9 அல்லது 10. துணி படாமல் தெளித்துவிட்டு நீரடித்தாலே அழுக்கு வழிந்தோடும் கடும் நுரைகள் 12, 13 வரை போகும், பெரும்பாலும் கோஸ்டிக் சோடா அல்லது சிலிக்கேட் சேர்ந்திருப்பதால். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 5 இலிருந்து 12 க்கு ஏழு படி. ஏழு தடவை பத்தால் பெருக்கினால் ஒரு கோடி மடங்கு வித்தியாசம்.

"தண்ணீர் கலந்துதானே அடிக்கிறோம்" என்று சொல்வார்கள். ஒரு லீற்றர் கடுங்கார நுரையில் ஒன்பது லீற்றர் தண்ணீர் விட்டாலும் அது ஏறத்தாழ ஒரு படிதான் இறங்கும். 13 இருந்தது 12 ஆகும். மூடியால் அளக்கச் சொன்ன இடத்தில் கண்ணளவாக ஊற்றினால் அதுவும் இறங்காது.

மோதிர வட்டத்துக்கு வருவோம். மோதிரத்தின் அடியில் நுரை தேங்கும், கழுவினாலும் போகாது, நாள் முழுவதும் அங்கேயே ஊறும். மோதிரம் தங்கம் என்றாலும் இதுதான் கதை. அவனோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரின் கைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கின்றன என்று கேட்டபோதுதான் சொன்னான். மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் கிரந்தி வந்ததா என்று கேட்டேன். சிரித்தான்.

இதுவரை சொன்னதைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: எரிச்சல்வகை யாருக்கும் வரலாம். அளவும் நேரமும் கூடக் கூட அதுவும் கூடும். ஒரே வேலை செய்யும் பலருக்கும் இருந்தால் சந்தேகம் முதலில் இதன்மேல்தான் போக வேண்டும்.

ஞாயிறு கழுவி, செவ்வாய் சொறிவது

இப்போது மற்ற வகை. களுவாஞ்சிக்குடியில் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். தன் காரைத் தானே, ஞாயிறுதோறும், மென்மையான ஷாம்பூ ஒன்றால் கழுவுகிறவர். ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் இல்லை. திடீரென ஒரு செவ்வாய்க்கிழமை இரு முன்னங்கைகளிலும் சிறு கொப்புளங்கள், தாங்க முடியாத கடி. திங்கள் இரவு ஒரு கலியாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். குற்றவாளி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும், கலியாண வீட்டு நண்டு.

உள்ளே நடந்தது வேறு. ஷாம்பூவிலுள்ள ஒரு சிறிய மூலக்கூறு மதிலின் விரிசல் வழியே நுழைந்து தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் சுற்றித்திரியும் காவற்கலம் ஒன்று இந்தப் புதுச் சோடியைப் பிடித்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகிறது. கழுத்திலும் அக்குளிலும் காய்ச்சல் நேரத்தில் நெறி கட்டுமே, அந்த இடம். அங்கே ஒருவகை வெண்குருதிக் கலங்கள் இதன் முகத்தைப் பார்த்து, மனப்பாடம் செய்து, பெருகுகின்றன. இதற்கு இரண்டு வாரம் அளவில் எடுக்கும். இந்தக் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. அடுத்த முறை அதே பொருள் படும்போது அந்தக் கலங்கள் கூட்டமாக வந்து சேர்ந்து அழற்சியை மூட்ட ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை ஆகும். ஞாயிறு பட்டது செவ்வாய் தெரிவது அதனால்தான்.

இந்தத் தாமதம்தான் அத்தனை தவறான தீர்ப்புகளுக்கும் காரணம். சொறி தொடங்கிய அன்று சாப்பிட்டதைத் தேடுகிறோம். தேட வேண்டியது இரண்டு மூன்று நாள் முன்பு கையில் பட்டதை. நண்டு, இறால் ஒவ்வாமை உண்மையிலேயே சிலருக்கு உண்டு, ஆனால் அது நிமிடங்களில் அல்லது ஓரிரு மணித்தியாலத்தில் உடம்பெங்கும் தடிப்பாக, சிலருக்கு வாய் வீங்கி மூச்சிரைப்பாக வரும். இரண்டு முன்னங்கைகளில் மட்டும், அதுவும் நுரை பட்ட எல்லை வரைக்கும் வந்து நிற்காது.

"பத்து வருடமாக இதைத்தானே பாவிக்கிறேன்" என்பதும் தப்புவதற்கான சாட்சி அல்ல. மனப்பாடம் எந்த வருடத்திலும் நடக்கலாம். நடந்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் அழியாது.

மென்மையான ஷாம்பூவின் சங்கடம்

அந்தச் சிறிய மூலக்கூறு எது? பல இருக்கலாம். வாசனைப் பொருட்கள் ஒரு கூட்டம். தோடம்பழத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் அதில் ஒன்று. இயற்கையானது என்று போத்தலில் பெருமையாக எழுதியிருப்பார்கள். இயற்கையானதுதான். காற்றுப்பட்டுப் பழையதாகும்போது ஒவ்வாமையைத் தூண்டுவதாக மாறுவதும் அந்த இயற்கைதான். மரமுந்திரிக் கொட்டையின் ஓட்டுப் பாலைவிட இயற்கையான பொருள் எங்கள் மாவட்டத்தில் உண்டா? அது கையில் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் நான் முதலில் தேடுவது நற்காப்புப் பொருளை. தண்ணீர் கலந்த எந்தத் திரவமும் எங்கள் வெக்கையில் மாதக்கணக்கில் இருந்தால் நுண்ணுயிர் வளர்ந்து நாறும். அதைத் தடுக்கச் சேர்ப்பது நற்காப்புப் பொருள். கடுங்கார நுரையில் நுண்ணுயிர் எளிதில் வாழாது, ஆகவே அதற்கு இது அவ்வளவு தேவைப்படாது. பி.எச் 7 அளவில் உள்ள மென்மையான ஷாம்பூவுக்குத்தான் கட்டாயம் தேவை. கையை எரிக்காத போத்தலில் ஒவ்வாமைப் பொருள் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்ற இந்த முரண்பாட்டைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார்.

இவற்றில் பேர்போனது மெத்தில்ஐசோதயசோலினோன். பெயரைப் பாடமாக்க வேண்டாம், ஐசோதயசோலினோன் என்று முடியும் வாலை மட்டும் நினைவில் வைத்தால் குடும்பம் முழுவதும் அகப்படும். 2013 இல் அமெரிக்கத் தொடுகைத் தோல் அழற்சிச் சங்கம் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2017 முதல், பூசிக் கழுவாமல் விடும் அழகுசாதனங்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. கார் ஷாம்பூ அழகுசாதனம் அல்லவே. அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. பாத்திரம் கழுவும் திரவத்திலும் சுவருக்கு அடிக்கும் நீர்ப் பெயிண்டிலும்கூட இந்தக் குடும்பம் குடியிருக்கிறது. அதனால் காருக்கு என்று ஷாம்பூவை மாற்றியும் சொறி போகாவிட்டால் குசினித் தொட்டியின் ஓரத்தில் நிற்கும் போத்தலையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் பிரச்சினை? ஐரோப்பிய விதிப்படி 0.0015 சதவீதம் இருந்தாலே ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டும். ஒரு லீற்றர் போத்தலில் அது 15 மில்லிகிராம், நாட்டரிசி மணி ஒன்றின் எடைக்குள் அடங்கிவிடும்.

சுருக்கமாக: ஒவ்வாமை சிலருக்கு மட்டும் வரும், தாமதித்து வரும், அரிசிமணி அளவு போதும். தண்ணீர் கலந்து தப்ப முடியாது, பொருளையே தவிர்க்க வேண்டும்.

போத்தலின் பின்பக்கம்

முகக் கிரீமின் பெட்டியில் உள்ளே இருப்பது அத்தனையும் வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், கார் ஷாம்பூவிலும் அதை எதிர்பார்ப்பார்கள். கிடைக்காது. துப்புரவுப் பொருட்களுக்கு விதி வேறு. அதுவும் நாட்டுக்கு நாடு வேறு. எங்கள் கடைகளின் ஒரே தட்டில் ஐரோப்பா, சீனா, ஜப்பான், இந்தியா, உள்ளூர் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்பதால், ஒரு போத்தலில் எழுதாமல் விட்டதை வைத்து அது இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

ஐரோப்பியப் போத்தலில், 2004 ஆம் ஆண்டின் சலவைப்பொருள் விதிப்படி, நுரைப்பொருள்களை "5 சதவீதத்துக்குக் குறைவு", "5 முதல் 15 வரை" என்று வீச்சாக மட்டும் சொல்வார்கள். ஆனால் நற்காப்புப் பொருளை அளவு எதுவானாலும் பெயர் சொல்லி எழுத வேண்டும். எனவே அந்தச் சின்ன எழுத்துப் பந்தியின் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2017 இல் இயற்றிய சட்டம் வாகனம் கழுவும், மெருகூட்டும் பொருட்களையும் சேர்த்துக்கொண்டு, உட்பொருட்களை 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் லேபலிலும் வெளியிடச் சொல்கிறது. அங்கே விற்கும் பிராண்ட் உங்கள் கையில் இருந்தால் அதன் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கும்.

சிவப்புக் கரையிட்ட சாய்சதுரச் சின்னங்கள் 2003 இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட உலகப் பொது முறையிலிருந்து வந்தவை. கையின்மேல் திரவம் ஊற்றி அரிப்பது போன்ற படம் தோலையும் கண்ணையும் வேகவைக்கும் என்பதைக் காட்டும். ஆச்சரியக்குறிப் படத்தில்தான் குழப்பம். எரிச்சலூட்டும் என்பதற்கும் ஒவ்வாமை தரலாம் என்பதற்கும் அதே ஒரு படம்தான். இதை வகுத்தவர்கள் சொறிந்து பார்த்தவர்கள் அல்ல என்று எனக்கு ஓர் எண்ணம். படத்தை விட்டு வரியைப் படியுங்கள். ஐரோப்பியப் போத்தல்களில், ஒவ்வாமைப் பொருள் எச்சரிக்கை அளவுக்குக் குறைவாக இருக்கும்போது, எந்தச் சின்னமும் இல்லாமல் "இன்ன பொருள் உள்ளது, ஒவ்வாமை ஏற்படலாம்" என்று ஒற்றை வரி மட்டும் இருக்கும். ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த வரி போதுமான செய்தி.

லேபல் சீனத்திலோ ஜப்பானியத்திலோ இருந்தால்? காஸ் எண்ணைத் தேடுங்கள். உலகிலுள்ள ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் கொடுக்கப்பட்ட அடையாள எண் அது, எல்லா மொழியிலும் இலக்கமாகவே இருக்கும். மேலே சொன்ன பொருளுக்கு 2682-20-4. அது தன் குடும்பத்தின் இன்னொரு பொருளோடு சேர்ந்து வரும் கலவைக்கு 55965-84-9. அதே குடும்பத்தின் பென்ஸ்ஐசோதயசோலினோனுக்கு 2634-33-5. லேபலில் இல்லாவிட்டால் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கலாம். தயாரிப்பாளர் ஒவ்வோர் ஆபத்தான பொருளுக்கும் எழுதும் 16 பகுதிகள் கொண்ட ஆவணம் அது. மூன்றாம் பகுதியில் உட்பொருட்கள், ஒன்பதாம் பகுதியில் பி.எச், எட்டாம் பகுதியில் எந்தக் கையுறை என்ற விவரம். மற்றப் பகுதிகளை விட்டுவிடலாம்.

இன்னொன்று, "பெயிண்டுக்குப் பாதுகாப்பானது" என்ற வாக்கியம் பெயிண்டைப் பற்றியது. "உக்கிப் போகக்கூடியது" என்பது ஓடையைப் பற்றியது. உங்கள் கையைப் பற்றி இரண்டும் மூச்சுவிடவில்லை.

ரிம் கிளீனருக்கு மட்டும் தனியாக

சில்லின் ரிம்மைப் பளபளக்கச் செய்யும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் அல்லது அமோனியம் பைபுளோரைட் இருக்கும். இது மேலே சொன்ன இரண்டு வகையிலும் அடங்காத பொல்லாத சாமான். நீர்த்த நிலையில் பட்டால் உடனே எரியாது. மணித்தியாலங்கள் கழித்து, எலும்புக்குள் குடைவது போல வலி தொடங்கும், அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கல்சியத்தோடு சேரத் தொடங்கியிருக்கும். புளோரைட் என்ற சொல் உள்ள எதுவும் கையில் பட்டால், வலி இருக்கிறதோ இல்லையோ, ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்குக் கல்சியம் குளுக்கோனேட் களிம்பு என்று தனி மருந்து உண்டு. பற்பசையோ தேங்காயெண்ணெயோ உதவாது. அதே வேலையைச் செய்யப் பாதுகாப்பான கிளீனர்கள் உள்ளபோது இதை ஏன் வாங்க வேண்டும் என்பது எனக்குப் புரியாத விடயம்.

கை, கையுறை, வைத்தியர்

நைற்றைல் கையுறை நல்லது. சாதாரண இறப்பர்க் கையுறையைத் தயாரிக்கச் சேர்க்கும் பொருட்களே சிலருக்கு ஒவ்வாமை. மணிக்கட்டைத் தாண்டி நீண்டதாக இருக்கட்டும், விளிம்பை வெளிப்புறமாக ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வழியும் நீர் உள்ளே போகாது. உள்ளே நுரை புகுந்த கையுறை, கையுறை இல்லாததைவிட மோசம். அது மோதிரக் கதையேதான்.

வேலை முடிந்ததும் கிறீஸைப் போக்க மண்ணெண்ணெயில் கை அலம்புவதும், தேசிக்காயால் தேய்ப்பதும் எங்கள் கராஜ்களின் வழக்கம். மண்ணெண்ணெய் மிச்சமிருந்த சாந்தையும் வழித்தெடுக்கும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கருந்தழும்பு விழும். மென்மையான சவர்க்காரம், வெறும் தண்ணீர், துடைத்தபின் வாசமில்லாத வசிலின் போதும். வெடிப்பு மூடியதும் கை ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மதில் முழுதாகத் திரும்ப வாரக்கணக்கு ஆகும்.

பாமசியில் வாய்ச்சொல்லுக்குத் தரும், ஸ்டீரொய்ட், பங்கசுக்கொல்லி, பக்டீரியாக்கொல்லி என்ற மூன்று மருந்துக் கலவைக் களிம்பு சொறியை இரண்டு நாளில் அடக்கும், நிறுத்தினால் இருமடங்காக எழுப்பவும் கூடும். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால் தோல் நோய் வைத்தியரிடம் ஒட்டுச் சோதனை பற்றிக் கேளுங்கள். சந்தேகப் பொருட்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணித்தியாலம் நனையாமல் வைத்து, எடுத்தபின் ஒருமுறையும் ஓரிரு நாள் கழித்து இன்னொரு முறையும் பார்ப்பது அது. ஊசி குத்தியோ இரத்தம் எடுத்தோ செய்யும் ஒவ்வாமைச் சோதனைகள் வேறு வகைக்கானவை. ஷாம்பூவால் வரும் இந்தத் தாமத ஒவ்வாமையை அவை காட்டாது. போகும்போது லேபலின் படத்தையும், எந்த நாள் எதைத் தொட்டீர்கள், எந்த நாள் கடித்தது என்ற குறிப்பையும் கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

என் மருமகன் நீளக் கையுறைக்கு மாறி ஏழு வாரம் ஆகிறது. கரண்டியை விட்டுவிட்டான், இறாலுக்கும் திரும்பிவிட்டான். ஆனால் அவர்களுக்கு நுரை வரும் இருபது லீற்றர்க் கானில் கார் படம் ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. தரவுத் தாள் கேட்டதற்கு, அடுத்த லோட்டில் வரும் என்று முதலாளி சொன்னாராம். அதற்குப் பிறகு இரண்டு லோட் வந்து இறங்கிவிட்டது. தாள் இன்னும் வரவில்லை.